இங்கே மாடல் ப்ராஜெக்ட் கிடையாது

சென்ற திங்கட்கிழமை காலை என் கடை வாசலில் ஒரு அட்டையைத் தொங்கவிட்டேன். தடித்த மார்க்கரில் நானே எழுதியது: ‘இங்கே மாடல் ப்ராஜெக்ட் கிடையாது.’

பத்து மணிக்குள் நாலு பேர் விசாரித்துவிட்டார்கள். பக்கத்து மொபைல் கடைக்காரர் எட்டிப் பார்த்து, “க்யா பாய், கடையை மூடப் போறீங்களா?” என்று கேட்டார். மாடல் இல்லாமல் ஒரு ஜெராக்ஸ் கடையா? இட்லி கிடையாது என்று டிபன் கடையில் போர்டு வைத்த மாதிரி என்னைப் பார்த்தார்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என் கடை பழக்கம்தான். போர்ட் பிளேர் பஜாருக்குள், ஒரு ஆள் உட்கார்ந்தால் இன்னொரு ஆள் நிற்க வேண்டிய அளவுக்கு இடம். ஜெராக்ஸ், பிரிண்ட், ஸ்பைரல், கெட்டி அட்டை பைண்டிங். அட்டையில் தங்க எழுத்து வேண்டுமானால் அதுவும் உண்டு.

மாடல் என்றால் என்ன என்று தெரியாத பாக்கியசாலிகளுக்குச் சொல்கிறேன். ப்ராஜெக்ட் கொடுக்கக் கடைசி நாளுக்கு இரண்டு நாள் முன்னால் ஒருவர் வேர்த்து விறுவிறுத்து வருவார். “பாய், யாராவது எழுதின மாடல் ஒண்ணு இருந்தா குடுங்க. ஃபார்மேட் மட்டும் பாத்துக்கிறேன்” என்பார். என் கம்ப்யூட்டரில் இருபது வருஷத்து ஆய்வுகள் தூங்கிக்கொண்டிருக்கின்றன. பைண்டிங்குக்கு வந்தவர்கள் விட்டுப்போனவை. ஒன்றை எடுத்துப் பென்டிரைவில் போட்டுக் கொடுப்பேன். அவர் ஃபார்மேட்டைப் பார்ப்பார்... அப்படியே உள்ளே இருப்பதையும் பார்ப்பார்... பிறகு முதல் பக்கத்தில் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டு என்னிடமே பைண்டிங்குக்கு வருவார்.

எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் அதை ஒரு பொதுச்சேவை என்றே நினைத்திருந்தேன். என் கடை டீ கிளாஸை ஒருவன் எடுத்துக்கொண்டு போனால் பஜார் முனை வரை கத்திக்கொண்டு ஓடுவேன். ஒருத்தர் ஆறு மாதம் அலைந்து எழுதியதை இன்னொருத்தர் கையில் கொடுத்துவிட்டு, “நல்லபடியா பாஸ் பண்ணுங்க தம்பி” என்று துவாவும் செய்து அனுப்புவேன். இது என்ன நியாயம் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை.

தோன்ற வைத்தவள் ஜைத்தூன்.

ஜைத்தூன் என் மனைவி. வயது நாற்பத்து மூன்று. (இதை அச்சில் போட்டதற்குத் திட்டுவாள். போகட்டும், இந்த வாரம் எப்படியும் திட்டு நிச்சயம்.) பிளஸ் டூ முடித்த கையோடு என்னைக் கட்டிக்கொண்டு, ராமநாதபுரத்திலிருந்து இங்கே கப்பலேறி வந்தவள். இரண்டு பெண்களை வளர்த்து மெயின்லேண்டுக்குப் படிக்க அனுப்பி வைத்தாள். அனுப்பிய மறு வாரமே, “இனிமே நான் படிக்கிறேன் மச்சான்” என்றாள். தபால் வழியில் பி.ஏ. முடித்தாள். பிறகு எம்.ஏ. சமூகவியல். கடைசி வருஷம் ஒரு ப்ராஜெக்ட் எழுதியாக வேண்டும். தமிழிலேயே எழுதலாம்.

தலைப்பை அவளே பிடித்தாள். கப்பல் வராத வாரங்களில் பெண்கள் வீட்டை எப்படி ஓட்டுகிறார்கள்?

தீவுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கடல் கொஞ்சம் முகம் சுளித்தால் சரக்குக் கப்பல் லேட். முதலில் வெங்காயம் மறையும். பிறகு உருளைக்கிழங்கு, முட்டை... அந்த வாரம் சமையலறையில் என்ன நடக்கிறது என்று நாம் ஆண்பிள்ளைகள் யாராவது எட்டிப் பார்த்திருக்கிறோமா? தட்டில் வந்ததைத் தின்றுவிட்டு, “வெங்காயம் இல்லையா?” என்று கேட்டதோடு நம் ஆராய்ச்சி முடிந்துவிடும்.

நாங்கள் இருப்பது பாம்பூஃப்ளாட்டில். தினமும் காலையில் இருவரும் படகு ஏறி சாத்தம் வந்து, அங்கிருந்து பஸ்ஸில் கடைக்கு. அந்தப் படகுதான் ஜைத்தூனின் ஆய்வுக்கூடம். நான் ஒரு மூலையில் செய்தித்தாளைப் பிரிப்பேன். அவள் நோட்டைப் பிரிப்பாள். மீன் விற்கப் போகும் ஆரோக்கியமேரி, ஆபீஸ் கூட்டிப் பெருக்கப் போகும் லக்ஷ்மம்மா, தையல் கடைக்குப் போகும் வங்காளத்து மாலதி தீதி... இப்படிப் பதினாலு பெண்கள். பூசணிக்காயைக் கீற்றுக் கீற்றாக அரிந்து காயவைப்பது ஒருத்தியின் வித்தை. வெங்காயமே இல்லாமல் மீன் குழம்புக்குத் தேங்காயை எந்தப் பக்குவத்தில் வறுக்க வேண்டும் என்பது இன்னொருத்தியின் ரகசியம். தமிழும் ஹிந்தியும் கலந்து அவர்கள் பேசப் பேச இவள் எழுதிக்கொள்வாள்.

எழுதிக்கொண்டதோடு விட்டாளா? எழுதியதை அவர்களுக்கே திரும்பப் படித்துக் காட்டுவாள். சரி என்றால் கீழே அவர்கள் பெயர், ஊர், தேதி. கடைசியில் அவர்கள் கையெழுத்து.

“நீ என்ன, ரிஜிஸ்டர் ஆபீஸா நடத்துற?” என்று நான் கேலி செய்வேன்.

ஆரோக்கியமேரிக்கும் அதே சந்தேகம். தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்காரி. மனதில் பட்டதைக் கேட்டுவிடுவாள். “ஏளா ஜைத்தூனு, கருவாட்டப் பானைக்குள்ள வைக்கத எவளும் சொல்லுவா. அதுக்குப் போயி எம் பேரு எதுக்கு? என்ன, ரேஷன் கார்டா குடுக்கப் போற?”

ஜைத்தூன் சொன்ன பதில் இன்னும் என் காதில் இருக்கிறது. “நீங்க சொன்னதை நானே கண்டுபிடிச்ச மாதிரி எழுதிட்டு, நாளைக்கு இதே படகுல உங்க மூஞ்சிய நான் எப்படிக்கா பாக்குறது?”

பெரிய பெரிய பல்கலைக்கழகங்களில் மேற்கோள் விதிகளைப் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருக்கிறார்களாம். என் மனைவி அதை ஒரே வரியில் முடித்துவிட்டாள். தீவில் யாருடைய சொல்லையும் சுட முடியாது. மறுநாள் காலை எட்டு மணிப் படகில் எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள்.

புத்தகத்துக்கும் அதே மரியாதைதான். ஒரு வரி எடுத்தாலும் யார் எழுதியது, எந்தப் பக்கம் என்று குறித்தாக வேண்டும். ஒரே ஒரு பக்க எண்ணை எழுத மறந்துவிட்டாள் என்று கொட்டும் மழையில் லைப்ரரிக்கு என்னை இழுத்துக்கொண்டு போனாள். குடை உடைந்ததுதான் மிச்சம் என்று நான் முணுமுணுத்தேன். அவளுக்குப் பக்க எண் கிடைத்த சந்தோஷம்.

எழுதி முடித்தாள். கடைக் கம்ப்யூட்டரில் அவளே தட்டச்சும் செய்தாள். கொடுக்க வேண்டியதுதான் பாக்கி. ஆனால் கொடுக்கவில்லை! ஏன் தெரியுமா? லக்ஷ்மம்மா கப்பலேறி விசாகப்பட்டினம் போயிருந்தாள். அவள் சொன்னதில் ஒரு வீட்டுச் சண்டை வருகிறது. அதை அச்சில் போடலாமா என்று அவளிடம் நேரில் கேட்க வேண்டுமாம்.

“ஒரு பேருக்காக மூணு வாரம் காத்திருப்பியா?” என்று கத்தினேன்.

“அது அவங்க பேரு மச்சான். நம்மளோடது இல்ல” என்றாள்.

அந்த மூன்று வாரத்தில்தான் நான் என் வேலையைக் காட்டினேன்.

ஊருக்குள்ளேயே கராச்சர்மா பக்கத்திலிருந்து ஒரு தம்பி வருவார். ஒரு ஆபீஸில் கிளார்க். ஜைத்தூன் படிக்கும் அதே எம்.ஏ., அதே ஸ்டடி சென்டர். அவர் பெயர் வேண்டாம்... இப்போது நன்றாகத் திருந்திவிட்டார், பாவம். “பாய், ஒரு மாடல் குடுங்க பாய், ஜல்தி” என்று வந்து நின்றார். வழக்கம்போல ஒரு பழையதை எடுத்துக் கொடுத்திருக்கலாம். ஆனால் எனக்கு நெஞ்சு கொள்ளாத பெருமை. “பழசெல்லாம் எதுக்குத் தம்பி? ப்ராஜெக்ட்னா எப்படி இருக்கணும்னு இதப் பாருங்க. எம் பொண்டாட்டி எழுதினது!” என்று ஜைத்தூனின் ஃபைலை அவர் பென்டிரைவில் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

பெருமையில் புத்தி போனது. வேறென்ன சொல்ல?

தம்பி மறுநாளே பெயரை மாற்றி ஸ்டடி சென்டரில் கொடுத்துவிட்டார். பதினாலு பெண்களின் பெயரை நீக்கிவிட்டு, அந்த இடத்திலெல்லாம் ‘பொதுமக்கள் கூறினர்’ என்று போட்டுவிட்டார். லக்ஷ்மம்மா ஊர் திரும்பி, “என் பேரு போடு, பயமா என்ன?” என்று சொன்ன பிறகு ஜைத்தூன் போய்க் கொடுத்தாள். இரண்டும் ஸ்டடி சென்டரில் ப்ராஜெக்ட் திருத்தும் ஒரே மேடத்தின் மேஜையில் போய் உட்கார்ந்தன.

ஒரு செவ்வாய்க்கிழமை ஜைத்தூனுக்கு போன் வந்தது. பேசி முடித்ததும் என்னிடம் சொன்னாள். “நான் காப்பி அடிச்சேன்னு சொல்றாங்க மச்சான். எனக்கு முன்னாடியே ஒருத்தர் இதே மாதிரி குடுத்திருக்காராம். வியாழக்கிழமை வரச் சொல்றாங்க. சரியா பதில் சொல்லலைன்னா ப்ராஜெக்ட் கேன்சலாம்.”

கேன்சல் என்றால் ஒரு வருஷம் போய்விடும் என்பது மட்டும் இல்லை. காப்பி அடித்தவள் என்ற பேர் நிற்கும். இந்த வயதில் உனக்கு எதற்குப் படிப்பு என்று கேட்டவர்கள் எங்கள் சொந்தத்திலேயே நிறைய. அவர்களுக்கெல்லாம் பெருநாள் கொண்டாட்டமாகிவிடும்.

“என் ஃபைலு வேற யாரு கைக்காவது போச்சா?” என்று அவள் கேட்டாள்.

அன்பர்களே, இங்கே நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? உங்களுக்கே தெரியும். நான் சொன்னது, “எனக்கென்ன தெரியும்?”

இருபது வருஷமாக வாராவாரம் உங்களுக்கு உபதேசம் எழுதுகிற கை இது. அதை மடியில் வைத்துக்கொண்டு அப்படிச் சொன்னேன். செவ்வாயும் புதனும் எனக்குச் சோறு இறங்கவில்லை. பயம்தான், வேறென்ன? பொண்டாட்டி என்ன சொல்வாள் என்ற பயம். ஸ்டடி சென்டருக்குத் தெரிந்தால் கடை பேர் கெடுமே என்ற பயம். வெட்கமாக இருக்கிறது. இருந்தாலும் எழுதுகிறேன்.

வியாழக்கிழமை இருவருமாகப் போனோம். மேடம் திருநெல்வேலிக்காரர். கண்டிப்பானவர் என்று பெயர். என்னையும் உள்ளேயே உட்காரச் சொன்னார். கிளார்க் தம்பி ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் தரையைப் பார்த்துக்கொண்டார்.

மேடம் தம்பியின் ப்ராஜெக்டைப் பிரித்தார். “ஒம்பதாம் பக்கம். ‘கப்பல் லேட் என்று தெரிந்தால் என் மாமியார் முதலில் ஒளித்துவைப்பது வெங்காயத்தைத்தான்.’ நல்லா எழுதியிருக்கீங்க. உங்க மாமியார் எந்த ஊரு?”

தம்பிக்குக் கல்யாணமே ஆகவில்லை.

வெங்காயத்தை ஒளித்துவைத்தது ஜைத்தூனின் மாமியார், அதாவது என் உம்மா. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

“பொதுமக்கள் கூறினர்னு போட்டிருக்கீங்களே, எந்தப் பொதுமக்கள்? ஒரு பேரு சொல்லுங்க” என்றார் மேடம். மேடம் ஜைத்தூன் பக்கம் திரும்பினார். “நீங்க சொல்லுங்கம்மா.”

ஜைத்தூன் பையிலிருந்து மூன்று நோட்டுகளை எடுத்து மேஜையில் வைத்தாள். முதல் நோட்டைத் திறந்தாள். “பூசணி வத்தல் மாலதி தீதி சொன்னது மேடம். பக்கம் ஏழு. இது அவங்க கையெழுத்து, வங்காளத்துல போட்டிருக்காங்க. தேங்கா வறுக்கிறது ஆரோக்கியமேரி அக்கா. அவங்க ரெண்டு தடவ சொன்னாங்க, ரெண்டும் கொஞ்சம் வித்தியாசமா இருந்துச்சு. அதனால ரெண்டு தேதியும் போட்டிருக்கேன். இந்த இடம் மட்டும் நான் எழுதினது தப்புன்னு லக்ஷ்மம்மா சொன்னாங்க. அடிச்சுத் திருத்தியிருக்கேன், அவங்க பக்கத்துலயே கையெழுத்துப் போட்டிருக்காங்க...”

மேடம் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். மீன் செதில் ஒட்டிய பக்கம், மழையில் மை கரைந்த பக்கம், எண்ணெய்க் கறை படிந்த பக்கம். நான் இருபது வருஷமாக எத்தனையோ ஆய்வுகளுக்குத் தங்க எழுத்தில் அட்டை போட்டிருக்கிறேன். ஒரு ஆய்வு எப்படிப் பிறக்கிறது என்று அன்றுதான் பார்த்தேன். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளை நினைத்து எனக்கு அப்படியொரு கர்வம் வந்தது. எழுந்து நின்று கைதட்டலாம் போல இருந்தது.

ஆனால் விஷயம் அங்கே முடியவில்லை.

மேடம் நோட்டை மூடினார். “வேலை உங்களோடதுதாம்மா. அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. ஆனா உங்க ஃபைல் இவர்கிட்ட எப்படிப் போச்சு? நீங்களே எழுதிக் குடுத்தீங்களா? அடுத்தவங்களைப் பாத்து எழுதுறது தப்புன்னா, அடுத்தவங்களுக்கு எழுதிக் குடுக்கறதும் அதே தப்புதான். அப்படின்னா ரெண்டையும் நான் நிறுத்தித்தான் ஆகணும்.”

ஜைத்தூன் திகைத்துப் போனாள். “எனக்குத் தெரியாது மேடம். சத்தியமா தெரியாது.”

அவளிடம் மூன்று நோட்டு நிறைய ஆதாரம் இருந்தது. இந்த ஒரு கேள்விக்கு மட்டும் இல்லை. இதற்கு ஆதாரம் நான்தான்.

எழுந்தேன். “நான்தான் மேடம் குடுத்தேன். அவளுக்குத் தெரியாது. அவகிட்ட நான் கேக்கவே இல்ல. அவ கேட்டப்பவும் நான் பொய் சொல்லிட்டேன்.”

தம்பி முதல் முறையாக வாயைத் திறந்தார். “ஆமா மேடம். மாடல்னு பாய்தான் குடுத்தாரு. பாத்து எழுதத்தான் நெனச்சேன்... அப்புறம் பேரை மட்டும் மாத்திட்டேன். தப்புதான்.”

ஜைத்தூன் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் இங்கே எழுதப் போவதில்லை. கல்யாணமானவர்கள் புரிந்துகொள்வார்கள்.

மேடம் ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார். “இப்ப சொன்னதை அப்படியே எழுதிக் குடுங்க.”

எத்தனை பக்கம் எழுதியிருப்பேன் இந்தப் பத்திக்காக! ஒரு தலைப்பு கொடுத்தால் டீ ஆறுவதற்குள் எழுதி முடிப்பவன் என்று எனக்குப் பெயர். அன்று எட்டு வரி எழுத அரை மணி நேரமானது. அதில் ‘பொண்டாட்டியைக் கேட்காமல்’ என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. சுற்றி வளைத்து வேறு மாதிரி எழுதலாமா என்று பார்த்தேன். பிறகு அப்படியே எழுதினேன்.

திரும்பி வரும் படகில் அவள் நோட்டைப் பிரிக்கவில்லை. நான் செய்தித்தாளைப் பிரிக்கவில்லை. தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தோம். பாம்பூஃப்ளாட் படகுத்துறை நெருங்கும்போதுதான் கேட்டாள்.

“எழுதிக் குடுத்தீங்களே... தேதி போட்டீங்களா?”

“போட்டேன்.”

“கையெழுத்து?”

“போட்டேன் ஜைத்தூன்.”

“அப்ப சரி” என்று சொல்லிவிட்டு இறங்கி நடந்தாள். அதன் பிறகு வீட்டில் நடந்ததை அச்சில் போட அவள் அனுமதி தரவில்லை. அனுமதி கேட்கும் பழக்கம் இப்போது எனக்கும் வந்துவிட்டது. இந்தப் பத்தியைக்கூட அவள் படித்து, இரண்டு இடத்தில் அடித்த பிறகே அனுப்புகிறேன்.

ஜைத்தூனின் ப்ராஜெக்ட் ஏற்கப்பட்டது. வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் மேடம் கேட்டதைவிட ஆரோக்கியமேரி மறுநாள் படகில் கேட்ட கேள்விகள்தான் அதிகமாம். “என்ன கேட்டாவ? எம் பேரைச் சொன்னியா? எத்தனாம் பக்கம்?” என்று துளைத்தெடுத்துவிட்டாள். ஜைத்தூன் கையிலிருந்த பிரதியைப் பிரித்துக் காட்டினாள். அதன் கடைசியில் ஆதாரப் பட்டியல் அகர வரிசையில் இருக்கிறது. ‘அ’வில் யாரும் இல்லை; ‘ஆ’வில் ஆரோக்கியமேரிதான் முதல். அவளுக்குக் கீழே இரண்டு டாக்டர்கள், ஒரு பேராசிரியர். மீன் கூடையைக் கீழே இறக்கி வைத்துவிட்டு, அந்தப் பக்கத்தைப் படகு முழுக்கக் கொண்டுபோய்க் காட்டினாள் அந்த மகராசி. “பாருங்க, எல்லாருக்கும் மேல நான் இருக்கேன்!”

கிளார்க் தம்பி மறுபடி முதலிலிருந்து எழுதுகிறார். கப்பல் டிக்கெட் வரிசையில் நிற்பவர்களைப் பற்றியாம். நோட்டும் கையுமாக அலைகிறார். கடைக்கு வந்து வெறும் பேப்பர் மட்டும் வாங்கிக்கொண்டு போனார்.

ஒரு நூல் யாருக்கெல்லாம் கடன்பட்டிருக்கிறது என்று வாய் திறந்து சொல்வதில் எழுதியவருக்கு என்ன குறைந்துவிடும்? பதினாலு பெயர் போட்டதால் ஜைத்தூனின் பெயர் சிறிதாகிவிட்டதா? என் கண்ணுக்கு அது பதினாலு மடங்கு பெரிதாகத்தான் தெரிகிறது.

வைவாவுக்குப் பிறகு கெட்டி அட்டை பைண்டிங்கை வேறு கடையில் கொடுக்கப் போகிறாளோ என்று பயந்துகொண்டிருந்தேன். நல்லவேளை, என்னிடமே கொடுத்தாள். பக்கங்களை அடுக்கும்போது கடைசியில் ஒரு தாள் கையில் வந்தது. ‘பின்னிணைப்பு நான்கு’ என்று தலைப்பு. கீழே, மேடத்திடம் நான் எழுதிக் கொடுத்ததன் ஜெராக்ஸ்: என் கையெழுத்தில் எட்டு வரி, தேதியுடன்.

“இதையுமா ஜைத்தூன்?” என்றேன்.

“உண்மைதானே? யாரு சொன்னதோ அவங்க பேரப் போட்டுத்தானே ஆகணும்” என்றாள்.

ஊரார் ஆய்வுக்கெல்லாம் அட்டை போட்டவன் நான்; என் பெயர் ஏறிய ஒரே ஆய்வுக்கு நானே ஊசி நூல் கோத்து, ஒரு பக்கமும் கழன்றுவிடாதபடி இறுக்கித் தைத்தேன்.